சேவைக்குக் கிளம்பும் தங்கைக்கு மட்டாஞ்சேரி அக்காவின் 12 டிப்ஸ்

கொச்சிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகள், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, பங்குல ஏதாவது சேவை செய்யணும்னு ஆசையா இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்க?"

அந்த ஆசைக்கு முதலில் ஒரு நன்றி. ஆனால் மட்டாஞ்சேரியில் ஆசை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், சமணர்கள், தக்கினி பேசும் முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர், சிரியன் கிறிஸ்தவர், நம் தமிழ்க் குடும்பங்கள் என்று எத்தனையோ சமூகங்கள் தோளோடு தோள் உரசி வாழும் இடம் இது. பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் போனால், ஒற்றை அறையில் மூன்று தலைமுறை படுத்து எழும் வீடுகளைப் பார்ப்பாய். அந்த வாசல்களில் நீ எப்படி நிற்கிறாய் என்பதில்தான் உன் சேவையின் தரம் இருக்கிறது.

இத்தனை காலம் இந்தச் சந்துகளில் நடந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. ஏழை வீட்டுக்கு வேண்டியது பெரிய உதவி அல்ல, சொன்ன நாளில் திரும்பி வருகிற ஆள். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான வழிகள்தான்.

1. ஊர் தெரிந்தவரிடம் முதலில் போ

1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளுக்கு உதவக் கிளம்பினார். எந்த வீட்டுக்குப் போவது, போய் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியில் பல வருஷமாக உழைத்துவந்த ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரியிடம் போய் நின்றார்கள். வீடுகளைக் காட்டியதும், நடந்துகொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இன்று நம் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

உனக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பங்கில் இருக்கும் மூத்த வின்சென்ட் சபைக்காரர், வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளர், அங்கன்வாடி டீச்சர், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்கா என்று யாராவது ஒருவரைப் பிடி. மூன்று கேள்வி கேள்: எந்த வீட்டுக்கு ஏற்கெனவே உதவி போகிறது? எந்த வீட்டுக்கு யாருமே போவதில்லை? எந்த வீட்டில் ஆள் வருவதே பிடிக்காது?

2. மற்ற சபைகளோடு பேசிக்கொள்

மட்டாஞ்சேரிக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே சபை இல்லை. போர்ச்சுக்கீசிய இயேசு சபையினருக்கு இனிப் பணிய மாட்டோம் என்று தோமா கிறிஸ்தவர்கள் 1653 ஜனவரி 3 அன்று சத்தியம் செய்த கூனன் குரிசு என்ற சிலுவை நின்ற இடமே இந்த ஊரில்தான். சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஜனங்கள் சத்தியம் செய்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு வந்த பிரிவுகளின் பிள்ளைகள்தான் இன்று பக்கத்துப் பக்கத்துத் தெருவில் தனித்தனிக் கோயிலுக்குப் போகிறோம்.

வழிபாடு தனித்தனியாக இருக்கட்டும். அரிசிப் பை பட்டியலாவது ஒன்றாக இருக்க வேண்டாமா? பேசிக்கொள்ளாவிட்டால் ஒரே வீட்டில் மூன்று கிறிஸ்மஸ் கிட் போய் இறங்கும், அடுத்த சந்தில் ஒன்றும் இருக்காது. மசூதிக் கமிட்டியும் கொங்கணிக் கோயில்காரர்களும் குஜராத்தி அறக்கட்டளைகளும் இங்கே கொடுக்கிறார்கள். மாதம் ஒரு போன் போட்டு, தெருவைப் பிரித்துக்கொள்.

3. கொஞ்சமாக வாக்குக் கொடு

"எது வேணும்னாலும் சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்ற பேச்சை நாக்கிலிருந்து எடுத்துவிடு. சொல்பவருக்கு அது சாதாரண வார்த்தை. கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன், அரை மணி நேரம் இருப்பேன்" என்று மட்டும் சொல்.

இரண்டு வீட்டுக்கு மேல் ஆரம்பத்தில் எடுக்காதே. செமஸ்டர் பரீட்சை, நைட் ஷிஃப்ட், ஊர்த் திருவிழா எல்லாம் குறுக்கே வரும். வர முடியாத வாரம் முந்தின நாளே தகவல் சொல்லிவிடு, மாற்று ஆளையும் அனுப்பு. வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போதும் சொல்லாமல் போகாதே. புது ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், "இனி இந்தப் பொண்ணு வரும் அம்மச்சி" என்று அறிமுகம் செய்துவிட்டுப் போ.

4. இருவராகப் போ

வீடு சந்திக்கப் போவதென்றால் ஜோடியாகப் போவது வின்சென்ட் சபையின் பழைய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் வீட்டைக் கவனிக்கலாம்: அடுப்பில் ஏதாவது இருக்கிறதா, மருந்துச் சீட்டு பழையதா, கிழவிக்குக் கால் வீங்கியிருக்கிறதா. பிறகு இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம். உன் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. உன் மேல் யாரும் வீண்பழி போடாமலும் காக்கும். முதல் ஆறு மாதம் ஜோடியில் ஒருவர் கட்டாயம் பழைய ஆளாக இருக்கட்டும்.

5. வாசல் மரியாதை கற்றுக்கொள்

கிறிஸ்தவ வீட்டுப் பாட்டியை அம்மச்சி என்று கூப்பிடு. முஸ்லிம் வீட்டில் வயதானவரை உம்மா என்றும், மூத்த பெண்ணை இத்தாத்தா என்றும் அழை. மற்றவர்களுக்குச் சேச்சி, சேட்டன் போதும். செருப்பை வெளியே விடு. உட்காரச் சொன்னால் உட்கார். கட்டன் சாயா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. எப்போதும் வாங்குகிற இடத்திலேயே இருப்பவர்களுக்குக் கொடுக்கவும் ஒரு வாய்ப்பு வேண்டும்.

ரமலான் மாதத்தில் மத்தியானச் சோற்றுப் பொதியை நோன்பு இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போகாதே, நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் கொண்டு போ. சமண வீட்டில் வெங்காயம், பூண்டு கூடாது. சூரியன் மறைந்த பிறகு சாப்பிடாதவர்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டு நோட்டில் எழுதி வை.

6. பொதிச்சோறு: கணக்கும் பக்குவமும்

கேரளத்தில் அன்னதானம் என்றால் பொதிச்சோறுதான். நூறு பொதிக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும், தலைக்கு 100 முதல் 120 கிராம் வரும். மட்ட அரிசி ஊறவும் வேகவும் நேரம் எடுக்கும், அதனால் முந்தின இரவே ஊற வை.

வாழை இலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. சோற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கட்டாதே. அகலத் தட்டில் பரப்பி ஆவியை வெளியேற்று, இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துச் சீக்கிரம் கெட்டுவிடும். பச்சைத் தேங்காய்ச் சம்மந்தி கொச்சி வெக்கைக்குத் தாங்காது, தேங்காயை வறுத்து அரைத்த சம்மந்தி தாங்கும். முட்டையும் மீனும் தனிப் பொட்டலமாக இருக்கட்டும், அப்போது எல்லா வீட்டுக்கும் ஒரே சோற்றுப் பொதியைக் கொடுக்கலாம். வெளியே சுற்றுவதற்கு வெற்றுத்தாள் எடு. அச்சு மை உணவில் படக் கூடாது.

சமைத்து முடித்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். பதினொன்றுக்குக் கட்டினால் ஒரு மணிக்குள் வீடுகளில் கொடுத்து முடி. "ராத்திரிக்கு வச்சுக்காதீங்க" என்று சொல்லியே கொடு. சர்க்கரைக்காரருக்குச் சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டு. ரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாய் வேண்டாம்.

7. வரிசையில் நிறுத்தாதே

இந்த ஊரின் பழைய வலி ஒன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு மட்டும் அன்று வேலை. அதை எதிர்த்து 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் போராடினார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளிகள் உயிர்விட்டார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த ‘துறமுகம்’ படம் அந்தக் கதைதான்.

அந்தத் தொழிலாளிகளின் பேரன் பேத்திகள் வாழும் தெருவில் வேன் மேலே ஏறி நின்று பொட்டலத்தை வீசுவதும், மைக்கில் பெயர் கூப்பிடுவதும் கூடவே கூடாது. வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடு. அது முடியாவிட்டால் நேரம் பிரித்து வரச் சொல், நாற்காலி போடு.

வாங்குபவர், கொடுப்பவர் என்ற பிரிவும் நிரந்தரமில்லை. 2020 ஆகஸ்டில் கொரோனாக் கட்டுப்பாட்டோடு கடலேற்றமும் சேர்ந்து கடலோரச் செல்லானம் தவித்தபோது, அங்கே அனுப்பிய பொதிச்சோறு ஒன்றுக்குள் பிளாஸ்டிக்கில் பத்திரமாகச் சுற்றிய 100 ரூபாய் நோட்டு இருந்ததைக் கண்ணமாலி போலீஸார் பார்த்தார்கள். விசாரித்தால், அதை வைத்தவர் கும்பளங்கியில் கேட்டரிங் வேலையை இழந்து வீட்டில் இருந்த ஒரு அம்மா. கையில் இல்லாதவர் எப்படிக் கொடுக்கிறார் என்று பார்த்தாயா? அதனால் உதவி வாங்கும் வீட்டுப் பெண்களையும் சமையலுக்கும் பொதி கட்டவும் கூப்பிடு. மகிழ்ச்சியாக வருவார்கள்.

8. சோற்றுக்கு விலையாக ஜெபத்தைக் கேட்காதே

நாம் போவது கிறிஸ்துவின் பெயரால்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு துண்டுப்பிரசுரம் நீட்டுவதும், "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க" என்பதும் பசித்தவர் மேல் சுமை ஏற்றுவது. அவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். கேட்டால் ஜெபி, அதுவும் அவர் பெயர் சொல்லி, சுருக்கமாக. கேட்காவிட்டால் வீட்டுக்கு வந்து அவருக்காக ஜெபித்துக்கொள். உதவிப் பட்டியலில் மதம் என்ற கட்டமே இருக்கக் கூடாது. எங்கள் பங்குச்சாமி இதில் கறாரானவர். அதனால்தான் எல்லாச் சந்திலும் எங்களுக்குக் கதவு திறக்கிறது.

9. உன் தமிழைப் பயன்படுத்து

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் இருக்கும் தோபிகானாவுக்குப் போ. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடுப்பு வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் வெளுக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடத்தை 1976இல் வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. வயதானவர்கள் தொட்டித் தண்ணீரில் நின்று நின்று கால்வலியோடு இருக்கிறார்கள். பேச ஆசைப்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லாதே. ஒரு பாட்டி கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டே பேசுவார். நான் பக்கத்தில் நின்று தேய்த்த சட்டைகளை மடித்து அடுக்குவேன். காலை மருந்தை விட்டுவிட்டார் என்பது அந்தப் பேச்சு நடுவேதான் வெளியே வரும்.

வெல்லிங்டன் தீவுப் பக்கம் வாத்துருத்தியில் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு உன் கைபேசியும் இரண்டு மொழியும் பெரிய உதவி. ஊர் ரேஷன் கார்டில் முன்னுரிமைப் பிரிவில் இருப்பவர்கள் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் ஆதார் கைரேகை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம், பலருக்குத் தெரியாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017இல் கொண்டுவந்த ‘ஆவாஸ்’ காப்பீட்டைப் பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துச் சொல். படிவத்தை நீயே நிரப்பிவிடாமல், வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லிக்கொடு. அடுத்த தடவை அந்தப் பிள்ளையே செய்துவிடும்.

தமிழ்ப் பிள்ளை ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் ‘தெருவோரம்’ முருகன் இருக்கிறார். பீர்மேட்டிலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஸ்நேக பவன் இல்லத்தில் வளர்ந்து, ஆட்டோ ஓட்டிக்கொண்டே தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றத் தொடங்கியவர்.

10. நோயாளி வீட்டில்: கை கழுவு, காது கொடு

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைக் கவனிப்பதில் கேரளத்துக்குத் தனி வழி உண்டு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடுவீடாகப் பரவியது. 2008இல் பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று அரசே கொள்கை அறிவித்தது, இந்தியாவில் அதுதான் முதல். உன் பகுதியிலும் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் நர்ஸ் இருப்பார். அவரோடு சேர்ந்து போ, தொண்டர் பயிற்சி நடந்தால் சேர்ந்துகொள்.

மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நீ சொல்லாதே. மீந்துபோன மாத்திரைகளைச் சேகரித்துக் கொடுக்காதே. நீ செய்யக்கூடியது வேறு. கல்வத்திப் பக்கம் ஒரு அம்மச்சி வீட்டில், கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பார்கள், மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் கலந்து கிடந்தன. எழுத்துப் படிக்கத் தெரியாது அவருக்கு. நர்ஸிடம் கேட்டு, காலை மாத்திரைக் கவரில் சூரியனும் இரவுக் கவரில் நிலாவும் வரைந்து கொடுத்தோம். அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது. மருந்து விலை தாங்காத வீட்டுக்குக் காருண்யா பார்மசி, நீதி ஸ்டோர், ஜன் ஔஷதி கடை எங்கே இருக்கிறது என்று காட்டு.

உனக்குச் சளி, காய்ச்சல் என்றால் அந்த வாரம் போகாதே. அப்போது போனில் பேசுவதே சேவை.

11. பிள்ளைகள், படம், பணம்: மூன்றிலும் கறாராக இரு

ஒற்றை அறை வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? கோயில் ஹாலைச் சாயங்காலம் திறந்து, விளக்கும் விசிறியும் போட்டுக் கொடுத்தாலே பாதி டியூஷன் முடிந்தது. ஆனால் விதி உண்டு: எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, தனியாகச் சாட் செய்யவும் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் துருவிக் கேட்காதே, மூடி மறைக்கவும் செய்யாதே. 1098 குழந்தை உதவி எண்ணுக்குக் கூப்பிடு. பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012ஆம் வருஷப் போக்சோ சட்டப்படி குற்றம். செய்தவர் கோயில் ஆளாக இருந்தாலும் இதேதான்.

உதவி வாங்குபவரின் படம் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வேண்டாம். பொதி கட்டும் கைகளைப் படம் எடு, வாங்கும் முகத்தை எடுக்காதே. பணத்தை உன் சொந்தக் கணக்கில் வாங்காதே. கோயில் ரசீது போடட்டும், எண்ணும்போது இருவர் இருக்கட்டும், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

12. மழையிலும் வெள்ளத்திலும் புத்தியோடு இறங்கு

மேற்குக் கொச்சியில் மழை பெய்தாலும் தண்ணீர், ஓதம் ஏறினாலும் தண்ணீர். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. இறங்குவதற்கு முன் சுகாதார நிலையத்தில் கேட்டு டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள், பூட்ஸ் போடு, காலில் புண் இருந்தால் கரையில் நில். 2018 வெள்ளத்தில் படகோடு போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது கடலோர மீனவர்கள், தண்ணீர் அவர்கள் தொழில். நமக்கு முகாமில் வேலை இருக்கிறது: யாருக்கு என்ன மருந்து என்று பட்டியல் போடுவது, நாப்கின், புது உள்ளாடை, குழந்தைப் பால்பொடி சேர்ப்பது. பழைய துணி மூட்டையை மட்டும் கொண்டு வராதே, அதைப் பிரிக்கவே நாலு ஆள் வேண்டும்.

முதல் மாதம் இப்படி வை

முதல் வாரம்: பங்குச்சாமியையும் ஒரு மூத்த தொண்டரையும் பார்த்துப் பேசு. இரண்டாம் வாரம்: ஆஷா அக்காவோடு சந்து சந்தாக நட, வாயைத் திறக்காமல் பார். மூன்றாம் வாரம்: பொதி கட்ட உட்கார், அங்கே கிடைக்கும் தகவல் எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது. நாலாம் வாரம்: ஜோடியோடு இரண்டு வீட்டுக்குப் போய், அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு வா.

ஐந்தாம் வாரம்தான் உனக்குப் பரீட்சை. உற்சாகம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆபீஸில் வேலை கூடியிருக்கும், மழையும் பிடித்திருக்கும். அன்றைக்கு, சொன்ன நேரத்துக்குப் போய் நில். அதன் பிறகு அந்த வீடு உன்னை நம்ப ஆரம்பிக்கும். ரேஷன், மருந்து, படிப்பு, கடன் என்று இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லும். நீ செய்யப்போகும் சேவை எல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கும் தங்கச்சி, அதனால் வியாழக்கிழமையை மட்டும் விட்டுவிடாதே.